கப்பலில் வந்த கத்தி: திருகோணமலைப் பிரதேசத்தில் என்பு மூட்டுச் சிகிச்சையின் சரித்திரம்

திருகோணமலையின் இயற்கைத் துறைமுகத்தைப் பற்றி எழுதாத சரித்திர ஆசிரியர் இலர். ஆயினும், அத்துறைமுகமே அப்பிரதேசத்து மக்களின் முறிந்த எலும்புக்கும் தேய்ந்த மூட்டுக்கும் சத்திரசிகிச்சை வந்து சேர்ந்த வழியாகவும் இருந்ததென்பது அவர்களால் அதிகம் கவனிக்கப்படாத விஷயம். கடற்படைகளோடும் யுத்தங்களோடும் கத்தி இங்கே வந்திறங்கிற்று. அவை அகன்றபொழுது பெரும்பாலும் தானும் அகன்றது. கரையில் எஞ்சியது நோயாளியும், அவனை மறுபடி நடக்கப் பழக்கவேண்டிய பொறுப்புமே. சிகிச்சையின் பலன், கத்தி பிடித்தவருடைய சாமர்த்தியத்தைப் போலவே, சில வேளை அதனிலும் மிகுதியாக, இப்பொறுப்பை ஏற்றவர்களைச் சார்ந்திருந்ததென்பதை இப்பிரதேசத்தின் சரித்திரம் காட்டுகிறது.

கப்பல் வைத்தியத்துக்கு முந்தியது பரியாரியின் வைத்தியம். வாத ரோகங்களை எண்பதாக வகுத்த சித்த மரபு, ஈழத்தில் யாழ்ப்பாண அரசர் காலத்து நூல்களாகிய செகராசசேகரம், பரராசசேகரம் என்பவற்றின் வழியாக வளர்ந்தது. நாரிப்பிடிப்பும் முழங்கால் வீக்கமும் உடையோர் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில், ஒன்றுக்கொன்று வெப்பத்தில் வேறுபடும் நீரை மாறி மாறி அள்ளி ஊற்றிச் சுகங் கண்டனர். தேய்ந்த குருத்தெலும்பை வெந்நீர் வளர்க்காது. இறுகிய தசையைத் தளர்த்தும், நோவைச் சில நாழிகை மறக்கச் செய்யும். அதற்குமேல் அதனிடம் கேட்பது நியாயமன்று.

இதனினும் ஆராய்ச்சிக்குரியது முறிவு நெரிவு வைத்தியம். எலும்பு விலகிய கால் எனின், ஒருவர் தொடையைப் பற்றிக்கொள்ள இன்னொருவர் பாதத்தைப் பிடித்து மெல்ல இழுக்க, பரியாரி கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் எலும்பின் விளிம்பைத் தடவி, இரு முனைகளும் பொருந்தும் தருணத்தை விரலாலேயே அறிவார்; பின்பு உளுந்துமாவும் முட்டை வெண்கருவும் குழைத்துப் பத்திட்டு, துணி சுற்றி, மூங்கிற் சிம்பு வைத்துக் கட்டுவார். மூடிய எளிய முறிவு இதனால் நன்றாகவே பொருந்திற்று. ஆனால் முழங்கையருகில் முறிந்த பிள்ளையின் கையை இறுகக் கட்டிவிட்டால் இரத்த ஓட்டந் தடைப்பட்டு விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும். ஜெர்மானிய வைத்தியர் ஃபொல்க்மன் 1881இல் விவரித்த இவ்விபத்து இன்றும் முற்றாக ஒழிந்தபாடில்லை. இதைக் காட்டி முறிவு வைத்தியத்தை முழுவதும் இகழ்வோர், இங்கிலாந்தின் என்புச் சிகிச்சைக்கு அடித்தளமிட்ட ஹியூ ஓவன் தாமஸ், பட்டம் பெறாத வேல்ஸ் தேசத்து முறிவு வைத்தியர் பரம்பரையிற் பிறந்தவர் என்பதை நினைக்கவேண்டும். அங்கே பரம்பரை அறிவு கல்லூரிக்குள் புகுந்தது. இங்கே வாயிலிலேயே நின்றுவிட்டது.

பிரித்தானியர் 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றியபின் கடற்படைத் தளமும் அதற்குரிய வைத்தியசாலையும் இங்கு நிலைபெற்றன. மயக்கமருந்து 1846இல் பிரசித்தமாகும்வரை, கப்பற் சத்திரவைத்தியனின் கீர்த்தி எத்தனை நிமிஷத்தில் காலைத் துண்டித்தான் என்பதையே பொறுத்திருந்தது. நோயாளி பிழைத்தானா இறந்தானா என்பதற்கு அப்பால் பலனைப் பற்றிய கேள்வியே எழவில்லை. அத்தளம் மாலுமிகளுக்காக ஏற்பட்டது. சத்திரசிகிச்சை அறிவு தமிழருக்குத் தமிழிலேயே கிடைத்தது வடக்கே, மானிப்பாயில், அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தம் மாணவரோடு சேர்ந்து இரணவைத்திய நூலைத் தமிழில் வெளியிட்ட 1867இல். கிருமிநாசினியால் காயத்தைச் சீழ்ப்பிடிக்காமற் காக்கலாமென்று லிஸ்டர் எழுதியதும் அதே ஆண்டிலேயே.

முதலாம் உலக யுத்தத்தில், முன்பு நூற்றுக்கு எண்பது வரை மரணம் விளைத்ததாகச் சொல்லப்பட்ட தொடையெலும்பு முறிவு, தாமஸ் முன்பே கண்டுபிடித்திருந்த நீண்ட கம்பிச் சிம்பு 1917இல் அராஸ் போர்முனையில் கட்டப்பட்டபின் பதினாறளவிற்குத் தாழ்ந்தது. கத்தியே எடாமற் கிடைத்த பலன் இது. காயக்காரனை அசையாது கொண்டுபோனதே உயிரைக் காத்தது. இரண்டாம் யுத்தத்தில், 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபொழுது இச்சிம்பு இராணுவ வைத்தியத்தின் சாதாரணக் கருவியாகியிருந்தது. 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றது. குடிமக்களுக்கு எஞ்சியது அரசாங்க ஆஸ்பத்திரியும் பழைய பரியாரிமாரும்.

கொண்டுபோவது என்ற சொற்ப விஷயம் இப்பிரதேசத்தில் எவ்வளவு பெரிதாக இருந்ததென்பதை மூதூர்க்காரரே அறிவர். தரைவழியே திருகோணமலைக்கு வருவதாயின் இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா ஆகிய துறைகளில் பாதை என்று சொல்லப்படும் மிதவைக்குக் காத்திருந்து, ஒவ்வொன்றிலும் ஏறியிறங்க வேண்டியிருந்தது. முறிந்த இடுப்போடு ஒரு கிழவியை வண்டியிலே கிடத்திக்கொண்டு இவ்வழி வருவது எத்தகையதென்று விரிக்கவேண்டியதில்லை. இடுப்பு முறிந்த முதியோருக்கு ஓரிரு தினங்களுக்குள் சத்திரசிகிச்சை செய்வதே உசிதமென்பது இன்றைய வைத்திய உலகின் அபிப்பிராயம். 2009 அக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஏனைய பாலங்கள் முடிந்ததும் என்புச் சிகிச்சையின் சரித்திரத்திலும் பதியவேண்டிய சம்பவங்களேயாம்.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, உள்நாட்டு யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில், துறைமுகம் தன் பழைய வேலையை மறுபடி செய்தது. பெப்ரவரி இரண்டாம் வாரத்திலிருந்து, சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு ஏற்பாடு செய்த கப்பல் புதுமாத்தளன் கரையிலிருந்து காயக்காரரைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தது; முதற் பயணத்தில் மாத்திரம் ஏறத்தாழ 240 பேர். மார்ச்சில் இந்திய வைத்தியக் குழுவொன்று புல்மோட்டையில் கள வைத்தியசாலை அமைத்தது. சிதறிய எலும்பும் சீழ்ப்பிடித்த காயமுமாக வந்தோருக்கு முதலில் வேண்டியது காயத்தைத் திறந்து சுத்தஞ் செய்தலும், எலும்பை வெளியிலிருந்து கம்பியால் நிறுத்தலும்; அது நடந்தது. கள வைத்தியசாலை இடம் பெயர்ந்தது. காலிழந்தோருக்கு 1987 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கிய ஜெய்ப்பூர் நிலையம் போன்றவை பொய்க்கால் செய்து கொடுத்தன. முள்ளந்தண்டில் குண்டுச் சிதறல் பாய்ந்தோரின் நிலைமையோ வேறு. நரம்பறுந்த தண்டை எந்தச் சத்திரவைத்தியராலும் ஒட்டவைக்க இயலாது. இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்துப் படுக்கைப்புண் வராமற் காப்பதும், சிறுநீர்ப்பையைப் பேணுவதும், சில்லுக்கதிரைக்குத் தானே மாறப் பழக்குவதுமே சிகிச்சை. இதைச் செய்தவர்கள் தாதியரும் இயன்மருத்துவரும், பின்பு வீட்டிலுள்ள தாயும் மனைவியும்.

முள்ளந்தண்டைப் பற்றி எழுதும்போது சென்னையில் நடந்த ஒரு பரீட்சையை விடமுடியாது. காசநோயால் அரிக்கப்பட்ட முள்ளந்தண்டை முன்பக்கமாகத் திறந்து பழுதை அகற்றி எலும்பு ஒட்டவேண்டுமென்பது ஹொங்கொங் வைத்தியர்களின் கொள்கை. சென்னை ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகளைக் குலுக்கல் முறையாற் பிரித்து, ஒரு பகுதியாருக்கு அச்சத்திரசிகிச்சையோடு மருந்தும், மற்றையோருக்கு மருந்து மாத்திரமும் கொடுத்து நடமாடவிட்டார்கள். பத்தாண்டு சென்றபின் சத்திரசிகிச்சை பெற்றவரில் நூற்றுக்கு 90 பேரும், ஒன்பது மாதம் மருந்து மாத்திரம் உண்டவரில் 99 பேரும் நல்ல நிலைமையிலிருந்தனர். நரம்பு கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கும் கூன் பெருகும் சிறுவருக்கும் கத்தி தேவைப்படலாம். ஏனையோரைப் பொறுத்தவரை கத்திக்கு முன்னுரிமை கோருவோர் இவ்வெண்களுக்கு விடை சொல்லவேண்டும்.

இத்துறைமுகத்தின் கடற்றொழிலோடு ஒட்டிய மூட்டுநோய் ஒன்றுண்டு. சங்கும் கடலட்டையும் எடுக்கும் சுழியோடிகள் காற்றுக்கலத்தோடு ஆழத்திலே நெடுநேரம் தங்கி, அவசரமாக மேலே வரும்போது, இரத்தத்திற் கரைந்த நைதரசன் குமிழாகி எலும்பின் நுண்குழாய்களை அடைக்கிறது. தொடையெலும்பின் தலை உயிரிழக்கிறது, அப்போது நோவில்லை. மாதங்களோ வருஷங்களோ கழிந்து அத்தலை நொறுங்கும்பொழுதுதான் முப்பது வயது இளைஞன் நொண்டத் தொடங்குகிறான். 1911ஆம் ஆண்டளவில் அழுத்தக் காற்றில் வேலைசெய்த தொழிலாளரிடம் கண்டறியப்பட்ட இந்நோய்க்கு முடிவில் இடுப்புமூட்டை மாற்றுவதைத் தவிர வழி அரிது. கடலடியில் அழுத்தம் ஏறியவனை மறுபடி அழுத்தத்தில் வைத்துத் தணிக்கும் அறை திருகோணமலைக் கடற்படையிடம் இருக்கிறது. அங்கே உரிய நேரத்தில் வருவோர் பலர் பிழைக்கின்றனர். வெறும் உளைவென்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டிலிருந்துவிடுவோரும் உளர்.

இடுப்புமூட்டை மாற்றும் சிகிச்சை 1962இல் இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லியால் திடப்படுத்தப்பட்டது; முழங்கால் மாற்றுதல் பின்பு வந்தது. மாற்றிய முழங்கால்களில் நூற்றுக்கு 82 அளவில் 25 ஆண்டு நிலைப்பதாக 2019இல் வெளியான ஒரு பேராய்வு கணித்தது. ஆயினும் மூட்டு நிலைப்பது வேறு, நோயாளி திருப்தியடைவது வேறு. முழங்கால் மாற்றியவரில் ஐந்தில் ஒருவரளவில் நெடுங்காலம் நோவு சொல்கின்றனர். பலனை அளக்கக் கனடாவில் உருவான பிரசித்திபெற்ற வினாக்கொத்து, காரில் ஏறியிறங்குவதையும், காலுறை அணிவதையும், குளியற்றொட்டியில் இறங்குவதையும் கேட்கிறது. கிண்ணியாவில் தொழுகையின்போது நெற்றி தரையிற்படுமா, தம்பலகாமத்து வீட்டில் பாயிலிருந்து தனியே எழும்ப முடியுமா, கரைவலை இழுப்பவன் மணலிற் குதியூன்றிப் பின்சாய முடியுமா என்பதை அது கேட்பதில்லை. சாதாரணமான செயற்கை மூட்டு குந்தியிருக்குமளவு மடங்குவதுமில்லை. ஆகவே முழங்கால் மாற்றத் திகதி கிடைத்த குடும்பம் வீடு வந்து முதலிற் தேடுவது மேசனைத்தான். தரையோடமைந்த மலசலகூடத்தை இடித்துக் கதிரை போன்ற கோப்பை வைத்தாகவேண்டும். அச்செலவு எந்த வைத்தியசாலைக் கணக்கிலும் ஏறுவதில்லை.