யார் அந்தப் ‘பிறர்’?

சோழவந்தான் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வெற்றிலை வரும். கொஞ்சம் வயதானவர்களுக்கு டி.ஆர்.மகாலிங்கத்தின் குரல் வரும். எனக்குக் கொஞ்ச நாளாக ஒரு சிவப்பு வட்டம்தான் ஞாபகம் வருகிறது.

போன மாதம் சோழவந்தானில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகள் தினமும் மதுரைக்குப் போய்க் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். எப்போதும் வாசலுக்கே ஓடி வருகிறவள் அன்றைக்கு உம்மென்று உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கட்டுரை. முதல் வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: ‘எங்கே சொன்னார்?’

“நீங்களே சொல்லுங்க சித்தப்பா. காந்தி சொன்னதுன்னு எழுதியிருக்கேன். மேற்கோள் குறியும் போட்டிருக்கேன். அது காந்தி சொன்னதுன்னு ஊருக்கே தெரியும். அதுக்குப் போய் ஆதாரம் கேக்குறாங்க. அதுவும் எம்.எல்.ஏ. முறையில குடுக்கணுமாம்!”

“எந்த எம்.எல்.ஏ.?” என்றார் அண்ணன், பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

இது வேறு எம்.எல்.ஏ. 1883-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த நவீன மொழிகள் சங்கம். அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் அந்த மூன்றெழுத்து வரும். அடுத்தவர் எழுதியதை நம் கட்டுரையில் எடுத்தாண்டால் அதை எப்படிக் காட்ட வேண்டும் என்று 1951-ல் ஒரு சின்ன வழிகாட்டி போட்டார்கள். அது வளர்ந்து கையேடாகி, கடல் தாண்டி, மதுரைக் கல்லூரி வரைக்கும் வந்துவிட்டது. விஷயம் ரொம்ப எளிது. மேற்கோளுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எழுதியவர் பெயர், பக்க எண். கட்டுரையின் கடைசியில் அந்தப் புத்தகத்தின் முழு ஜாதகம். அவ்வளவுதான்.

நான் படித்தது பி.காம். ஆங்கில இலக்கியத்துக்கும் எனக்கும் வெகுதூரம். ஆனால் இந்தச் சங்கதி எனக்கு உடனே புரிந்துவிட்டது. இது வவுச்சர்! டீ வாங்கிய செலவாகவே இருக்கட்டும், வவுச்சர் இல்லாமல் கணக்கில் ஏற்றினால் ஆடிட்டர் விடமாட்டார். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று அர்த்தமில்லை. நாளைக்கு நீங்கள் இல்லாதபோதும் இன்னொருவர் அந்தக் கணக்கைச் சரிபார்க்க முடியவேண்டும். அதற்குத்தான் வவுச்சர்.

சரி, காந்தியின் வவுச்சரைத் தேடலாம் என்று உட்கார்ந்தோம்.

அவள் எழுதியிருந்த வாசகம் உங்களுக்கும் தெரியும். உலகத்தில் எந்த மாற்றத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாயோ, முதலில் நீ அந்த மாற்றமாக இரு என்று பொருள் வரும். பள்ளிக்கூடச் சுவர், டி-ஷர்ட், காபி கோப்பை... அது இல்லாத இடமே இல்லை. ஆனால் காந்தியின் எழுத்துகளைத் தொகுத்து நூறு தொகுதிகள் போட்டிருக்கிறார்களே, அதில் இந்த வாசகம் இல்லை!

இதற்கு ரொம்ப நெருக்கமான ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் அவர் நடத்திய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் 1913-ல் உடல்நலம் பற்றி ஒரு தொடர் எழுதினார். அதில் நாம் மாறினால் உலகத்தின் போக்கும் மாறும் என்ற கருத்து வருகிறது. எந்தப் பகுதியில் தெரியுமா? பாம்புக்கடி பற்றிய பகுதியில்! ஜீவராசிகளிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று யோசித்துக்கொண்டே போகிறவர், அங்கே அதைச் சொல்கிறார். அது யார் யார் வாயிலோ புகுந்து புறப்பட்டு, சுருங்கி, சுவரில் எழுதத் தோதாக ஆகிவிட்டது. ஊருக்கே தெரிந்ததுதான். ஆனால் ஊருக்குத் தெரிந்தது தப்பாகத் தெரிந்திருக்கிறது.

“அப்ப இந்த ஊருக்கே தெரியும்ங்கறதை நம்பவே கூடாதா?” என்றாள்.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இருப்பது அமெரிக்காவில் இல்லை. அவள் தினமும் போய் வருகிற மதுரையிலேயே இருக்கிறது. அறுநூறு வருடம் பின்னால் போகவேண்டும்.

நச்சினார்க்கினியர் என்றொரு மகா பண்டிதர். மதுரைக்காரர். காலம் 14-ம் நூற்றாண்டு என்பார்கள். தொல்காப்பியம், பத்துப்பாட்டு, கலித்தொகை, சீவக சிந்தாமணி... எல்லாவற்றுக்கும் உரை எழுதியவர். ஒரு வரிக்கு விளக்கம் சொல்லும்போதே, அதற்குத் துணையாக வேறொரு பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் போடுவார். போட்டுவிட்டு, பல இடங்களில் ‘என்றார் பிறரும்’ என்று முடித்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார்.

யார் அந்தப் பிறர்? எந்த நூல்? எத்தனையாவது பாட்டு? மூச்!

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் முன்னால் உட்கார்ந்து பாடம் கேட்டவர்களுக்கு அந்தப் பாட்டெல்லாம் மனப்பாடம். முதல் இரண்டு சொல்லைக் கேட்டாலே மிச்சத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களிடம் இது இன்ன நூல் என்று சொல்வது, மதுரைக்காரரிடம் மீனாட்சியம்மன் கோயிலுக்கு வழி சொல்வது போல. ஆக, அவரும் நம்ம பெண்ணைப் போலத்தான் நினைத்தார். ஊருக்கே தெரியும்!

தெரிந்தவர்கள் எல்லாரும் ஒருநாள் போய்ச் சேர்ந்தார்கள். ஓலைகளைப் படியெடுக்க ஆள் குறைந்தது. கறையான் தன் வேலையைப் பார்த்தது. அதன் பிறகு என்ன ஆனது?

1880-ம் வருடம். கும்பகோணம் கல்லூரியில் ஒரு இளம் தமிழாசிரியர். வயது 25. அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். இவர் வரிசையாகச் சொல்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம்... முதலியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. அந்த இளைஞர்தான் உ.வே.சாமிநாதையர்.

அன்றைக்குத் தொடங்கியது அவருடைய தேடல். சிந்தாமணியைக் கையில் எடுத்தால், கூடவே நச்சினார்க்கினியர் உரை. உரையைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஊர் பேர் தெரியாத மேற்கோள்கள். சொல்லுக்கு அர்த்தம் தேடி மேற்கோளுக்குப் போனால், அந்த மேற்கோளுக்கே அர்த்தம் புரியவில்லை. முன்னே பின்னே தெரிந்தால்தானே புரியும்? கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் சொல்ல ஆள் இல்லை. தான் அதுவரை பார்த்தே இராத ஒரு பெரிய தமிழ் உலகம் இந்தத் துண்டுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளில் சங்க நூல்களைப் புரட்டும்போதுதான் பூட்டு திறந்தது. அட, இது அந்த மேற்கோள் ஆயிற்றே! நச்சினார்க்கினியரின் ‘பிறர்’ ஒவ்வொருவராக முகம் காட்டினார்கள். சிந்தாமணி 1887-ல் வந்தது. பத்துப்பாட்டு 1889-ல். புறநானூறு 1894-ல். தன் பதிப்புகளில் உரையில் வரும் மேற்கோள் எந்த நூலைச் சேர்ந்தது என்று தேடித் தேடிக் குறித்தார் ஐயர். கடைசிவரை அகப்படாதவற்றை மூடி மறைக்கவில்லை. ‘விளங்கா மேற்கோள்’ என்று தனியாகவே பட்டியல் போட்டார். எங்கள் காமர்ஸ் பாஷையில் சொன்னால், சஸ்பென்ஸ் அக்கவுண்ட்!

ஒரு சில சொற்களைக் கூடுதலாக எழுதாமல் விட்டதன் விலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மாமனிதரின் எத்தனையோ இரவுகள்.

இதற்கு நேர் எதிரான கதையும் ஒன்று உண்டு. நச்சினார்க்கினியருக்குப் பிற்பட்டவர் என்று கருதப்படும் ஒருவர், தனக்குப் பிடித்த பழைய பாடல்களைத் திருக்குறள் மாதிரி தலைப்பு தலைப்பாகப் பிரித்துத் தொகுத்து வைத்தார். ‘புறத்திரட்டு’ என்று பெயர். சுமார் 1,570 பாட்டுகள். 1930-களின் இறுதியில் வையாபுரிப் பிள்ளை அதைப் பதிப்பித்தார். தொகுத்தவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அந்த மனிதர் ஒரு நல்ல காரியம் செய்தார். பாட்டுகளோடு, அவை எந்த நூலில் இருந்து எடுத்தவை என்றும் குறித்து வைத்தார்.

அந்த நூல்களில் ஒன்று முத்தொள்ளாயிரம். முழு நூல் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நூற்றுச் சொச்சம் பாட்டுகள், இன்ன நூலின் பாட்டுகள் என்ற பெயரோடு நம்மிடம் இருக்கின்றன. யானை, குதிரை, காதல் என்று இன்றைக்கும் மேடைகளில் கைதட்டல் வாங்குகின்றன. வளையாபதி, குண்டலகேசி, தகடூர் யாத்திரை... இவையும் முழுசாகப் போய்விட்டன. போனபிறகும் சில பாட்டுகள் நமக்குத் தெரிகின்றன என்றால், அதில் பெரும்பங்கு இந்தப் பெயர் தெரியாத மனிதருக்குத்தான். தன் பெயரை எழுதாதவர், அடுத்தவர் பெயரை மறக்காமல் எழுதினார்.

மயிலை சீனி.வேங்கடசாமி 1959-ல் ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்று ஒரு புத்தகமே போட்டார். காணாமல் போன நூல்களின் பட்டியல் அது. உரைகாரர்கள் போகிற போக்கில் உதிர்த்த பெயர்களும் மேற்கோள்களும்தான் அதற்குப் பெரிய ஆதாரம். பெயர் இருந்த மேற்கோளுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைத்தது. பெயர் இல்லாத மேற்கோள் இன்றும் அநாதைதான்.

“நம்ம ஊர்ல இப்படி யாராவது உண்டா சித்தப்பா?” என்றாள்.

உண்டே! சோழவந்தான் அரசன் சண்முகனார். 1868-ல் பிறந்தவர். பாண்டித்துரைத் தேவர் 1901-ல் மதுரையில் தமிழ்ச்சங்கம் வைத்தபோது, அதன் கலாசாலையில் பாடம் சொன்னவர். தொல்காப்பியத்தின் பாயிரத்துக்கு மட்டுமே ஒரு பெரிய விருத்தியுரை எழுதியவர். முன்னால் உரை சொன்னவர்களின் கருத்தை எடுத்து வைப்பது, ஒப்பாவிட்டால் ஏன் ஒப்பவில்லை என்று வாதாடுவது... அதுதான் அந்த மாதிரி உரைகளின் வழி. எதிராளி யார், அவன் என்ன சொன்னான் என்று காட்டாமல் வாதாட முடியுமா? 1915-ல், ஐம்பது வயதைக்கூடத் தொடாமல் அவர் மறைந்துபோனார். அவர் ஊரிலேயே இருந்துகொண்டு அந்தப் பெண் அவர் பெயரை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறாள். ஊருக்கே தெரிந்தது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சரி, எப்போது ஆதாரம் காட்டவேண்டும்? உங்கள் வீட்டிலும் படிக்கிற பிள்ளைகள் இருக்கும். அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறியும் வேண்டும், ஆதாரமும் வேண்டும். அடுத்தவர் கருத்தை உங்கள் வார்த்தையில் சொன்னால் மேற்கோள் குறி வேண்டாம். ஆதாரம் கட்டாயம் வேண்டும். பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இந்தியா 1947-ல் விடுதலை பெற்றது, வைகை மதுரை வழியாக ஓடுகிறது என்பதற்கெல்லாம் வேண்டாம். பழமொழிக்கும் வேண்டாம். ஒரு பெரிய மனிதர் சொன்னார் என்று எழுதினால்? எங்கே சொன்னார் என்று பார்க்காமல் எழுதவே வேண்டாம்.

விளையாட்டில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் இதற்கென்றே விதிமுறை போட்டிருக்கிறது. ஆய்வேட்டில் அடுத்தவர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவிகிதம் வரை என்றால் தண்டனை இல்லை. 60 சதவிகிதத்தைத் தாண்டினால் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்து! ஆனால் முறையாகப் பெயர் சொல்லி எடுத்த மேற்கோளை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெயரைச் சொன்னால் மேற்கோள். சொல்லாவிட்டால் திருட்டு. நடுவில் இருப்பது ஒரே ஒரு வரி.

அவ்வளவு ஏன், சோழவந்தான் வெற்றிலைக்கே 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள். எந்த மண்ணில் விளைந்தது என்று ஒரு வெற்றிலைக்குச் சொல்கிறோம். ஒரு வாக்கியத்துக்குச் சொல்லக் கூடாதா?

கட்டுரையின் முதல் வரியை அடித்துவிட்டு, 1913, இந்தியன் ஒப்பீனியன், பாம்புக்கடி என்று எழுத ஆரம்பித்தாள். நாலு வரி எழுதியதும் நிமிர்ந்தாள்.

“ஏன் சித்தப்பா, ஐந்நூறு வருஷம் கழிச்சு என் கட்டுரையை யார் படிக்கப் போறா?”

நச்சினார்க்கினியரும் அப்படித்தான் நினைத்திருப்பார் என்றேன்.