சம்பளம் கூடியும் கையில் பணம் நிற்கவில்லையா? 'மினிமலிசம்' சொல்லும் எளிய கணக்கு

ஒன்றாம் தேதி சம்பளம் வருது. வாடகை, இஎம்ஐ, ஸ்கூல் ஃபீஸ், கரண்ட் பில் எல்லாம் போனதும், பத்தாம் தேதிக்குள் அக்கவுண்ட்டில் பாதி காலி. 'சம்பளம் கூடினா சரியாகிடும்'னு பலரும் நினைக்கிறோம். ஆனால் சம்பளம் கூடும்போது போன், பைக், வீட்டு வாடகை எல்லாமே கூடவே பெரிதாகிவிடுகின்றன.

இதற்கு வேறொரு வழி சொல்கிறது 'மினிமலிசம்'. குறைவான பொருட்களோடு, யோசித்துச் செலவு செய்து வாழும் முறை இது. இதனால் உண்மையில் எவ்வளவு பணம் மிச்சமாகும்? நிதி சுதந்திரம் என்பதற்கு எவ்வளவு சேர்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

மினிமலிசம் என்றால் கஞ்சத்தனமா?

இல்லை. கஞ்சத்தனம் தேவையானதைக்கூட வாங்க விடாது. மினிமலிசம், தேவையில்லாததை விட்டுவிட்டு, தேவையானதை நல்லதாகப் பார்த்து வாங்கச் சொல்கிறது.

இது நமக்குப் புதுசும் இல்லை. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் நம் வீட்டுப் பெண்கள் சேர்த்து வைத்த சிறுவாட்டுப் பணம் எத்தனையோ குடும்பங்களை ஆபத்தில் காப்பாற்றியிருக்கிறது. ஜப்பானில் 1904-ல் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் அறிமுகப்படுத்திய 'ககேபோ' என்ற வீட்டுக் கணக்கு நோட்டும் இதே வகைதான். கையில் எவ்வளவு இருக்கு, எவ்வளவு சேமிக்கணும், எவ்வளவு செலவாகுது, அடுத்த மாதம் எதை மாற்றலாம் என்ற நான்கு கேள்விகள்தான் அதன் அடிப்படை.

செலவைக் குறைத்தால் இரட்டை லாபம் எப்படி?

ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செலவு 36,000. மிச்சம் 4,000.

திடீரென வேலை போனால் ஆறு மாதம் சமாளிக்க இவர்களுக்கு 2,16,000 ரூபாய் தேவை. மாதம் 4,000 வீதம் சேர்த்தால் 54 மாதங்கள், அதாவது நாலரை வருஷம் ஆகும்.

இதே குடும்பம் செலவை 30,000 ஆகக் குறைத்தால்? மிச்சம் 10,000 ஆகிறது. ஆறு மாதச் செலவும் 1,80,000 ஆகக் குறைகிறது. இப்போது 18 மாதங்கள் போதும். ஒன்றரை வருஷம்தான்!

சம்பளம் ஒரு ரூபாய்கூட உயரவில்லை. ஆனால் மூன்று வருஷம் மிச்சம். செலவு குறையும்போது சேமிப்பு கூடுவதோடு, சேர்க்க வேண்டிய தொகையும் குறைகிறது. சம்பள உயர்வு மட்டும் இந்த இரண்டாவது லாபத்தைத் தராது.

நிதி சுதந்திரத்துக்கு எவ்வளவு தேவை?

அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-ல் ஒரு கணக்கு சொன்னார். சேர்த்த தொகையில் முதல் வருஷம் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனாலும், பணம் 30 வருஷம் தாங்கும் என்பது அது. அதாவது, ஒரு வருஷச் செலவைப் போல 25 மடங்கு கையில் வேண்டும்.

இதன்படி மாதம் 36,000 செலவு செய்யும் குடும்பத்துக்கு 1.08 கோடி ரூபாய் தேவை. 30,000 செலவு என்றால் 90 லட்சம். ஒவ்வொரு மாதமும் 1,000 ரூபாய் செலவு குறைந்தால், இலக்கில் 3 லட்சம் குறைகிறது.

ஒரு எச்சரிக்கை. இது அமெரிக்கப் பங்குச் சந்தை, கடன் பத்திர விவரங்களை வைத்துப் போட்ட கணக்கு. நம் நாட்டில் விலைவாசி வேகமாக ஏறுவதால், 25 மடங்கைவிட அதிகமாகவே இலக்கு வைப்பது நல்லது.

கோடி என்றதும் மலைக்க வேண்டாம். 25-ம் தேதி யாரிடமும் கைமாற்று கேட்காமல் இருப்பதே முதல் படி. வேலை போனாலும் ஆறு மாதம் தாங்குவது இரண்டாவது படி. பிடிக்காத வேலையை 'வேணாம்'னு சொல்லும் தைரியம் இந்த இரண்டாவது படியிலேயே வந்துவிடும்.

விலையை மணி நேரத்தில் பாருங்கள்

ஜோ டொமிங்கஸ், விக்கி ராபின் இருவரும் 1992-ல் வெளியிட்ட 'யுவர் மணி ஆர் யுவர் லைஃப்' புத்தகம் ஒரு வழி சொல்கிறது. ஒரு பொருளின் விலையை ரூபாயில் பார்க்காமல், அதற்காக எத்தனை மணி நேரம் உழைக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

40,000 சம்பளத்தில் பெட்ரோல், வெளிச்சாப்பாடு என வேலைக்காகவே 4,000 போனால், கையில் நிற்பது 36,000. மாதம் 26 நாள், பயணத்தையும் சேர்த்து தினமும் 10 மணி நேரம் என்றால் மொத்தம் 260 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 138 ரூபாய்.

அப்படியென்றால் 20,000 ரூபாய் போன் என்பது 14 நாளுக்கும் மேற்பட்ட உழைப்பு. பழைய போன் உடைந்துவிட்டால் அது நியாயமான விலைதான். கேமரா கொஞ்சம் நல்லா இருக்குனு மாற்றுவதற்கு? நீங்களே முடிவு பண்ணுங்க.

பணம் எங்கே கசிகிறது?

*கிரெடிட் கார்டு 'மினிமம் டியூ':* 20,000 ரூபாய் பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 700, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 126. நீங்கள் 1,000 கட்டினால் அசலில் குறைவது வெறும் 174 ரூபாய்தான்! முழுத் தொகையைக் கட்டாவிட்டால், புதிதாக வாங்கும் பொருட்களுக்கும் வட்டியில்லாக் கால அவகாசம் கிடைக்காது.

*'நோ காஸ்ட் இஎம்ஐ':* பெரும்பாலும் இதில் வட்டி இருக்கிறது. அந்தத் தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுவார்கள். ஆனால் வட்டிக்கான ஜிஎஸ்டியும், சில சமயம் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில்தான். மொத்தப் பணத்தையும் உடனே கட்டினால் என்ன விலை என்று கேட்டு ஒப்பிடுங்கள்.

*ஆப் செய்யும் தந்திரங்கள்:* 'இன்னும் 2 பீஸ்தான் இருக்கு' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, சந்தாவை ரத்து செய்ய முடியாமல் சுற்றவிடுவது இதெல்லாம் விதிமீறல். இப்படி 13 வகைத் தந்திரங்களைத் தடை செய்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

எங்கிருந்து தொடங்குவது?

- ஒரு மாதம் எல்லாச் செலவையும் நோட்டில் எழுதுங்கள். யுபிஐ-யில் ஸ்கேன் செய்யும்போது பணம் போவதே தெரியாது. எழுதினால் தெரியும்.
- யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து, பார்க்காத ஓடிடி, பயன்படுத்தாத ஆப் சந்தாக்களை ரத்து செய்யுங்கள்.
- பெரிய செலவை முதலில் பாருங்கள். தினமும் 15 ரூபாய் டீ இரண்டு குடித்தால் மாதம் 900 ரூபாய். தேவைக்கு மேல் பெரிய வண்டிக்குக் கட்டும் இஎம்ஐ அதைவிடப் பல மடங்கு.
- ஆடித் தள்ளுபடி, தீபாவளி ஆஃபர் வரும் முன்பே தேவைப் பட்டியல் போடுங்கள். பட்டியலில் இல்லாத பொருளை ஒரு வாரம் கழித்து யோசியுங்கள்.
- மொய், சீர், பண்டிகைச் செலவு திடீர்ச் செலவு அல்ல. வருஷா வருஷம் வருவதுதான். மாதாமாதம் அதற்கென ஒதுக்குங்கள்.
- மிச்சமாகும் பணத்தில் முதலில் வட்டி அதிகமான கடனை அடையுங்கள். அடுத்து அவசர நிதி. அதன் பிறகுதான் பிபிஎஃப் போன்ற நீண்ட கால முதலீடு.

அவசர நிதியை வங்கியிலேயே வைக்கலாம். ஒரு வங்கியில் ஒருவரின் டெபாசிட்டுக்கு வட்டியோடு சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அதிக வட்டி ஆசை காட்டும் இடத்தில் இந்தப் பணத்தைப் போடாதீர்கள். ஏலச்சீட்டு என்றால், 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று பார்த்த பிறகே சேருங்கள்.

எதைக் குறைக்கக் கூடாது?

மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளின் சாப்பாடு, படிப்பு, தலைக்கவசம், வண்டி பிரேக் இதிலெல்லாம் கை வைக்கக் கூடாது. காப்பீட்டை நிறுத்தி மிச்சம் பிடித்த பணம், ஒரே ஒரு ஆபரேஷனில் பல மடங்காகப் போய்விடும்.

வருமானமே அரிசி, வாடகைக்குச் சரியாக இருக்கும் குடும்பத்திடம் 'குறைச்சு வாங்குங்க' என்று சொல்வதிலும் அர்த்தமில்லை. அவர்களுக்குத் தேவை கூடுதல் வருமானம், குறைந்த வட்டிக் கடன், அரசு உதவி. தேவைக்கு மேல் கொஞ்சமாவது கையில் வருபவர்களுக்கே இந்தக் கணக்கு பொருந்தும். அவர்கள் அடுத்த சம்பள உயர்வு வந்ததும், செலவைக் கூட்டும் முன் அதில் பாதியைத் தனியாக எடுத்து வைத்தாலே போதும், முதல் படி வந்துவிடும்.