காலில் பொறித்த ஊர்ப்பெயர்

1977ஆம் ஆண்டு நத்தாருக்கு அமெரிக்கப் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தது பொம்மையன்று. பொம்மை பின்னர் தரப்படும் என்னும் உறுதிச் சீட்டையே. அவ்வாண்டு மே மாதம் வெளியான ஜோர்ஜ் லூக்காஸின் 'ஸ்டார் வார்ஸ்' என்ற விண்வெளிக் கற்பனைப் படம் மக்களை அத்துணை விரைவாய்க் கவர்ந்தது. அதன் பாத்திரங்களைப் பொம்மைகளாக்க உரிமை பெற்ற கென்னர் நிறுவனத்தால் உரிய காலத்தில் அவற்றை வழங்க இயலவில்லை.

மூன்றே முக்கால் அங்குல அளவிலான அவ்வுருவங்கள் 1978இற் பிள்ளைகளின் கைகளை அடைந்தன. கொடுங்கோற் பேரரசை எளியோர் எதிர்த்து வெல்லும் கதையை அவர்கள் தம் வீடுகளில் மீண்டும் மீண்டும் நடத்தினர். அப்படத்தின் நிலைத்த கவர்ச்சிக்கு அந்த வேட்கையே வேர்.

இன்றோ, உறை பிரிக்கப்படாத பழைய உருவங்களே ஏலத்தில் ஆயிரக்கணக்கான டொலர்களுக்கு விலைபோகின்றன. எவரும் விளையாடாத விளையாட்டுப் பொருளுக்கே மதிப்பு மிகுதி! விலை பயனை விழுங்கிவிட்டது.

உறை பிரித்துக் காலைத் திருப்பிப் பார்த்தால், அவ்வுருவங்கள் பலவற்றில் 'ஹொங்கொங்' என்னும் ஊர்ப்பெயர் காணப்படும். அங்கே அவற்றை வார்த்தெடுத்த தொழிலாளரின் பெயர் எங்கும் இல்லை. கதைவீரரைப் போற்றும் வரலாறு, அக்கைகளையும் போற்றும்போதே முழுமை பெறும்.