கழிவுநீரில் வளரும் நுண்பாசி: எரிபொருள் எந்த அளவுக்குக் கிடைக்கும்?

குளம் பச்சையாகிவிட்டால் 'பாசி பிடித்துக் கெட்டுவிட்டது' என்கிறோம். அதே பாசி இனத்தைக் கொண்டு சாக்கடை நீரைச் சுத்திகரித்து, கார் ஓட்டும் எரிவாயுவும் எடுத்திருக்கிறார்கள். ஸ்பெயினின் தெற்கே, காதிஸ் மாகாணத்தின் சிக்ளானா என்ற கடற்கரை ஊரில் 2011-ல் தொடங்கிய 'ஆல்-கேஸ்' திட்டம் அது. ஐரோப்பிய ஒன்றியம் நிதி உதவியது. அக்வாலியா என்ற தண்ணீர் நிறுவனம் தலைமையேற்றது.

வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவைச் சிதைப்பவை பாக்டீரியாக்கள். அவை சுவாசிக்க, நீருக்குள் இடைவிடாமல் காற்றைச் செலுத்த வேண்டும். நிலையத்தின் மின்கட்டணத்தில் பெரும்பகுதி இதற்கே போகிறது. நுண்பாசி இருந்தால் அந்தச் செலவு குறையும். சூரிய ஒளியில் அது வெளிவிடும் ஆக்சிஜனைப் பாக்டீரியா எடுத்துக்கொள்கிறது; பாக்டீரியா விடும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்கிறது. ஏரிகளைக் கெடுக்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கு உணவாகிவிடுகின்றன. இதற்கென வெட்டும் குளங்கள் ஏறத்தாழ ஒரு அடி ஆழமே இருக்கும். துடுப்புச் சக்கரம் ஒன்று நீரை மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருக்கும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஆஸ்வால்ட் 1950-களிலேயே உருவாக்கிய முறை இது.

'பாசியிலிருந்து டீசல்' என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அதை நாம் கொஞ்சம் நிதானமாகவே படிக்க வேண்டும். அமெரிக்க எரிசக்தித் துறை 1978-ல் தொடங்கிய ஆய்வை 1996-ல் நிறுத்திக்கொண்டது. பெட்ரோலிய எண்ணெயின் விலையோடு போட்டியிட முடியவில்லை. 2009-ல் பெரும் விளம்பரத்தோடு இறங்கிய எக்ஸான்மொபில் நிறுவனமும் பின்னர் விலகிக்கொண்டது.

காரணம் எளிது. சத்துக் குறையும்போதுதான் பாசி தன் உடலில் எண்ணெயைச் சேர்க்கும். சாக்கடையிலோ சத்துக்குப் பஞ்சமே இல்லை. அங்கே பாசி செழித்து வளரும், எண்ணெய் குறைவாகவே இருக்கும். போதாக்குறைக்கு, குளத்து நீரில் பாசியின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவது அரிது. அதை வடித்தெடுத்து உலர்த்தவே எரிபொருள் செலவாகிவிடும். சிக்ளானாவில் டீசலை நாடாமல், ஈரப்பாசியை அப்படியே சாண எரிவாயுக் கலன் போன்ற மூடிய தொட்டியில் புளிக்கவிட்டு மீத்தேன் எடுத்தார்கள். அந்த வாயுவைச் சுத்தப்படுத்திக் கார்களில் நிரப்பினார்கள். நமக்கு இதுவே புத்திசாலித்தனமாகப் படுகிறது: தண்ணீரைச் சுத்தம் செய்வதே வேலை, எரிவாயு அதில் கிடைக்கும் உபரி.

ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தோல் தொழிற்சாலைக் கழிவின் பெரிய சிக்கல் அதில் கரைந்திருக்கும் உப்பு. பாசிக் குளம் அந்த உப்பை நீக்காது. வீட்டுக் கழிவுநீருக்கு ஏற்ற முறை இது. அதற்கும் வெயிலோடு விரிந்த நிலம் வேண்டும். நெருக்கமான பெருநகரத்தைவிட, ஊருக்கு வெளியே தரிசு கிடக்கும் சிறு பேரூராட்சிகளுக்கே இது பொருந்தும்.