இறக்குமதித் தடையும் வலிகாமத்துக் கிணறும்

வாணிபக் கொள்கை துறைமுகத்தோடு நின்றுவிடுவதன்று; குடிநீர்க் கிணறு வரை செல்வது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையுள் தேங்கிய மழைநீரே நமக்குக் கதி.

1970ஆம் ஆண்டிற் பதவியேற்ற அரசு, அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திற்று. விலை ஏறவே, வட்டுக்கோட்டையை அடக்கிய வலிகாமத்திற் கமக்காரர் கையிற் பணம் புரண்டது. துலா மிதித்த காலம் மலையேற, நீரிறைக்கும் இயந்திரங்கள் ஓயாது இயங்கின. அசேதனப் பசளையும் கிருமிநாசினியும் தாராளமாக இடப்பட்டன. அந்நாளில் கிணற்றை நினைத்தார் யார்? 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறக்கப்பட்டதும் விலை சரிந்தது. நிலத்துள் இறங்கிய நைத்திரேற்றோ தங்கிவிட்டது. 1980களில் நடந்த ஆய்வுகள், தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது குடிநீருக்குரிய வரம்பைக் கடந்திருக்கக் கண்டன.

2021 மே மாதத்தில் அரசு அசேதனப் பசளையின் இறக்குமதியையே தடுத்தது. நலவாழ்வும் சுற்றாடலும் காரணமாகக் கூறப்பட்டன. செலாவணித் தட்டுப்பாடும் உடனிருந்தமை வெளிப்படை. மாற்றுப் பசளை தேட அவகாசமின்றித் தவித்த கமக்காரரின் எதிர்ப்பு வலுக்கவே, நவம்பரில் தடை நீங்கிற்று. கிணற்றைக் காப்பதே உண்மை நோக்கமாயின், மண்ணைச் சோதித்து எத்துணைப் பசளை போதுமென்று தோட்டந்தோறும் சொல்லும் ஏற்பாடன்றோ முதலில் வேண்டியிருந்தது?