பன்னாட்டுப் பொருளியல் படிப்பு, கிள்ளான் பள்ளத்தாக்கு

மலேசிய இளங்கலைக் கல்வியில் பன்னாட்டுப் பொருளியல் பெரும்பாலும் தனிப் பட்டமாக அல்லாமல், பொருளியல் பட்டத்தின் ஒரு பிரிவாகவோ விருப்பப் பாடமாகவோ கற்பிக்கப்படுகிறது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகமும், பாங்கியில் மலேசிய தேசியப் பல்கலைக்கழகமும், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகமும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்கான முதன்மை இடங்கள். மலாயாவின் பொருளியல், நிர்வாகத் துறை 1966இல் உருவானது. எஸ்.டி.பி.எம். தேர்வு, மெட்ரிகுலேஷன் படிப்பு வழியாக மாணவர்கள் சேர்கின்றனர். பிரிக்பீல்ட்ஸ் மாணவர் கே.எல். சென்ட்ரலில் கிளானா ஜெயா எல்.ஆர்.டி. ஏறினால் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கான நிலையத்தில் இறங்கலாம்.

ஒப்பீட்டு நன்மை, சுங்கவரி, வாணிபச் செலுத்து நிலை, செலாவணி விகிதம் ஆகியவை மையப் பாடங்கள். கணிதமும் புள்ளியியலும் பிடிக்காதவர் திணறுவர். உலக நடப்பில் ஆர்வம் மட்டும் போதாது.

பாடத்துக்கு உள்ளூரிலேயே சான்றுகள் உண்டு. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்ட கிள்ளான் துறைமுகம், தோட்டத் தமிழர் பால்வெட்டிச் சேர்த்த ரப்பரை உலகச் சந்தைக்கு அனுப்பியது. ஆசிய நிதி நெருக்கடியில் மலேசியா 1998 செப்டம்பரில் மூலதனக் கட்டுப்பாடு விதித்து, செலாவணி விகிதத்தை அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என நிலைநிறுத்தியது. பன்னாட்டு நாணய நிதியத்தின் அன்றைய அறிவுரைக்கு மாறான இம்முடிவைவிடச் சிறந்த வகுப்பறை எடுத்துக்காட்டு இந்நாட்டில் இல்லை. அந்த நிலைநிறுத்தம் 2005 ஜூலை 21 அன்று நீக்கப்பட்டது.