வண்ணமும் நகைப்பும்: 'காதலிக்க நேரமில்லை' குறித்து ஒரு நோக்கு

தமிழ்த் திரைப்படத்தில் வண்ணம் முதலில் அரண்மனை வாயில் வழியாகவே நுழைந்தது. 1956இல் வெளிவந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' கேவா கலரில் எடுக்கப்பட்ட முழுநீளப் படம். 1959இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வண்ணத்தில் வந்தது. பழங்கதைக்கும் கற்பனைக்கும் வண்ணம், அன்றாட வீட்டிற்குக் கறுப்பு வெள்ளை என்பதே அக்காலப் பெருவழக்கு. இயக்குநர் ஸ்ரீதரும் 'கல்யாணப் பரிசு' (1959), 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) ஆகியவற்றைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார்.

1964இல் 'கர்ணன்' போன்ற புராணப் படம் வண்ணத்தில் வந்ததில் வியப்பில்லை. அதே ஆண்டில், காதலர்களும் ஒரு பணக்காரத் தந்தையும் மட்டுமே உள்ள நகைச்சுவைக் கதையை ஸ்ரீதர் ஈஸ்ட்மன் கலரில் எடுத்ததே நம் கவனத்திற்குரியது. இங்கு வண்ணம் வெறும் அலங்காரமன்று எனக் கருதுகிறோம். பாலையா ஏற்ற விஸ்வநாதன் பணத்தின் தோற்றத்தில் மயங்குபவர். முத்துராமன் செல்வந்தக் கிழவராக வேடமிட்டு வந்ததும் ஏமாறுகிறார். வின்சென்ட்டின் ஒளிப்பதிவு மாளிகையையும் மலைச்சாரலையும் பகட்டாகக் காட்டக் காட்ட, அம்மயக்கத்தில் பார்வையாளரும் பங்கு கொள்கின்றனர்.

ஆயினும் இப்படத்தில் இன்றளவும் பேசப்படும் காட்சி வண்ணத்தைச் சாரவில்லை. படத் தயாரிப்பாளராகத் துடிக்கும் செல்லப்பா, தந்தைக்குத் திகில் கதை சொல்கிறான். ஒளிப்பதிவுக் கருவி இல்லை, அரங்க அமைப்பு இல்லை. ஓசைகள் அனைத்தும் நாகேஷின் வாயிலிருந்தே எழுகின்றன. பாலையாவின் முகம் திரையரங்கு நிறைந்த கூட்டத்தின் வேலையைத் தனியே செய்கிறது. வண்ணத்திற்குப் பெருஞ்செலவு செய்த படம், எதுவுமே கையில் இல்லாத ஒரு தயாரிப்பாளனைக் கொண்டு நம்மைச் சிரிக்க வைக்கிறது. இம்முரணை ஸ்ரீதரும் கோபுவும் அறிந்தே எழுதினர் என்று துணிந்து கூற இயலாது. காட்சி அவ்வாறு அமைந்துவிட்டது.

வண்ணம் பற்றிய ஆய்வில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. அக்கால ஈஸ்ட்மன் கலர்ப் படிகளில் நீலப்பச்சைச் சாயம் விரைவில் மங்கும், எஞ்சுவது இளஞ்சிவப்பு. சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய படியொன்றிலிருந்து பதிவான குறுந்தட்டை வகுப்பில் காட்டி, மாளிகைச் சுவர்களின் செம்மை செல்வச் செருக்கின் குறியீடு என நாம் விரிவாகவே விளக்கியதுண்டு. மாணவர்களும் குறிப்பெடுத்துக் கொண்டனர். பின்னர் சீரமைக்கப்பட்ட பதிவொன்றைக் கண்டபோது அச்சுவர்களில் அந்தச் செம்மை இல்லை.